வண்டி வாங்கலாமா? – மெட்ராஸ் இருசக்கர வரலாற்றிலிருந்து சில குறிப்புகள்

1953 ஏப்ரலில் மெட்ராஸில் டிராம் நின்றுபோனது. 1895-லிருந்து ஓடிக்கொண்டிருந்த வண்டி. கம்பெனி நஷ்டத்தில் மூழ்கி மூடிவிட்டார்கள். இரண்டே வருஷத்தில், 1955-ல், மெட்ராஸ் மோட்டார்ஸும் இங்கிலாந்து ராயல் என்ஃபீல்டும் சேர்ந்து என்ஃபீல்ட் இந்தியா என்ற கம்பெனியைத் தொடங்கின. திருவொற்றியூரில் புல்லட் தயாராக ஆரம்பித்தது. இந்த இரண்டு சம்பவத்துக்கும் நேரடியாக ஒரு சம்பந்தமும் கிடையாது. டிராமில் போய்க்கொண்டிருந்த குமாஸ்தா யாரும் மறுநாள் புல்லட் வாங்கிவிடவில்லை. அந்த வண்டி முதலில் யாருக்காக வந்தது என்றால், எல்லைக் காவலுக்கு 800 வண்டி கேட்ட ராணுவத்துக்காக. ஆனாலும் நோட்டில் இரண்டு வருஷத்தையும் அடுத்தடுத்து எழுதி வைத்தேன். பின்னால் ஏன் என்று சொல்கிறேன்.

இந்தக் குறிப்புகளைத் தேட ஆரம்பித்ததற்குக் காரணம் என் தங்கச்சி பொண்ணு. மேடவாக்கத்தில் வீடு, சிறுசேரியில் வேலை கிடைத்திருக்கிறது. ஸ்கூட்டர் வாங்கணும் என்கிறாள். அவங்க அம்மா கூடாது என்கிறாள். "அண்ணா, நீதான் எல்லாத்தையும் படிச்சுப் படிச்சு எழுதுறியே, இதுக்கு ஒரு கணக்குப் போட்டுச் சொல்லு" என்று என் தலையில் கட்டிவிட்டார்கள். கணக்குப் போட உட்கார்ந்தால், இந்தக் கணக்கை நமக்கு முன்னால் எத்தனையோ பேர் போட்டிருக்கிறார்கள், அதுவும் வேறு வேறு விதமாகப் போட்டிருக்கிறார்கள் என்று தெரிந்தது. அதைத்தான் இங்கே எழுதுகிறேன். கொஞ்சம் நீளம்தான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் லாபக் கணக்கு. இன்றைக்கு நாம் இருசக்கர வண்டியை ஏதோ தண்ணீர்க் குழாய், கரண்ட் மாதிரி எல்லா வீட்டிலும் இருக்கிற சாதாரண விஷயமாக நினைக்கிறோம். 1960, 70-களில் அப்படிக் கிடையாது. பம்பாயில் ஏபிஐ கம்பெனி லாம்பிரெட்டா செய்தது, புனேவில் பஜாஜ் இத்தாலிக்காரர்களிடம் உரிமம் வாங்கி வெஸ்பா செய்தது. எத்தனை வண்டி செய்யலாம் என்று சர்க்கார்தான் சொல்லும். பணம் கட்டிப் பதிவு பண்ணிவிட்டு வருஷக்கணக்கில் காத்திருக்கணும். பஜாஜுக்குப் பத்து வருஷம் வரைக்கும்கூடக் காத்திருந்த கதைகள் உண்டு. அந்நியச் செலாவணியில் பணம் கட்டினால் சீக்கிரம் கிடைக்கும், அதனால் வெளிநாட்டில் சொந்தக்காரர் இருப்பவர்களுக்குத் தனி மரியாதை. கல்யாணப் பேச்சில் "மாப்பிள்ளைக்கு ஸ்கூட்டர்" என்பது நகைக்குச் சமமான ஒரு ஐட்டம். அந்தக் காலத்தில் 'வண்டியில் போவது ஆபத்தா' என்ற கேள்வியே எழவில்லை. கிடைக்காத பொருளைப் பற்றி யாரும் அப்படிக் கேட்பதில்லையே.

வெஸ்பாவைப் பற்றி ஒரு சின்ன இடைச்செருகல். அதை 1946-ல் வடிவமைத்த கொரடினோ தஸ்கானியோ ஒரு விமான இன்ஜினியர். அவருக்கு மோட்டார்சைக்கிளே பிடிக்காதாம். எண்ணெய் தெறிக்கும், செயின் துணியை அழுக்காக்கும், டயர் பங்க்சர் ஆனால் மாற்ற முடியாது, காலைத் தூக்கிப் போட்டு ஏறணும். இந்தக் குறை ஒவ்வொன்றையும் களைந்தபோது வந்ததுதான் கால் வைக்கத் தட்டையான இடம், மூடிய இன்ஜின், ஸ்டெப்னி. பாவாடை கட்டிய இத்தாலியப் பெண்ணை மனதில் வைத்து யோசித்தது, நம்மூரில் வேட்டிக்கும் புடவைக்கும் கச்சிதமாகப் பொருந்திவிட்டது. ஆனால் சின்னச் சக்கரம், ஒரு பக்கமாகக் கனக்கும் இன்ஜின். மணலில் பிரேக் அடித்தால் சறுக்கும். வசதியும் ஆபத்தும் ஒரே வடிவத்துக்குள்தான் உட்கார்ந்திருந்தன.

தமிழ்நாட்டில் உண்மையான திருப்பம் 1980. அந்த வருஷம் ஓசூரில் டிவிஎஸ் 50 வந்தது. அதற்கு முன்னாலேயே, 1972-லிருந்து, லூனா இருந்தது. ஆனால் இரண்டு பேர் உட்கார்ந்து போகிற மொபெட்டாக வந்தது டிவிஎஸ் 50-தான். இந்த வண்டியைப் பற்றி யாராவது ஒரு முழுப் புத்தகமே எழுதணும். கீரைக்கட்டு, பால் கேன், கறிக்கோழி, மீன் கூடை, இளநீர்க் குலை, நெல் மூட்டை, சிலிண்டர், எல்லாம் அதில் போனது. பின்சீட்டைக் கழற்றிவிட்டு, இருபுறமும் கூடை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். காலை நாலு மணிக்கு மார்க்கெட்டுக்குப் போய் ஆறு மணிக்குத் தெருவுக்குள் திரும்பிவிடலாம். பஸ்ஸில் கூடையை ஏற்ற கண்டக்டரிடம் கெஞ்ச வேண்டாம். ஒரு குடும்பத்தின் வருமானத்தை ஒரு மொபெட் இரண்டு மடங்காக்கியதை எங்கள் தெருவிலேயே பார்த்திருக்கிறேன். 'பைக் வேண்டாம், பஸ்ஸில் போங்க' என்று இன்றைக்கு உபதேசம் செய்கிறவர்கள் முதலில் இந்த வரியைப் படிக்கணும்.

ஆபத்துக் கணக்கு மாறியது அதற்கு அப்புறம். 80-களின் நடுவில் ஜப்பான் கூட்டோடு 100 சிசி வண்டிகள் வந்தன: இங்கே ஓசூரில் இண்ட்-சுஸுகி, வடக்கே ஹீரோ ஹோண்டா, கவாசாகி பஜாஜ், யமஹா ஆர்எக்ஸ் 100. மைலேஜ் நன்றாகக் கொடுத்தன. காத்திருப்பும் முடிந்தது. ஆனால் மொபெட் மூச்சு வாங்குகிற வேகத்தில் இந்த வண்டிகள் அப்போதுதான் சூடு பிடிக்கும். ரோடு அதே ரோடு, பிரேக் பெரும்பாலும் அதே டிரம் பிரேக், ஓட்டுகிறவர் தலையில் அதே வெறும் முடி.

வேகம் என்றால் என்ன என்பதை மணிக்கு இத்தனை கிலோமீட்டர் என்று சொன்னால் நமக்கு உறைக்காது. பள்ளிக்கூட இயற்பியல் கொஞ்சம் போட்டுப் பார்த்தேன். 40 கிலோமீட்டர் வேகத்தில் சுவரில் மோதுவது, சுமார் 6 மீட்டர் உயரத்திலிருந்து கீழே விழுவதற்குச் சமம், அதாவது இரண்டாவது மாடி. 60-ல் மோதுவது 14 மீட்டர், நாலாவது மாடிக்கும் மேலே. வேகம் ஒன்றரை மடங்குதான் கூடியது, உயரம் இரண்டு மடங்குக்கு மேல் கூடிவிட்டது. காரில் போகிறவருக்கு அந்த அடியை வாங்கிக்கொள்ள முன்னால் இரும்பும் பெல்ட்டும் பலூனும் இருக்கின்றன. வண்டியில் போகிறவருக்கு நெஞ்சும் மண்டையும்தான்.

என் தங்கச்சி பயப்படுவதற்குக் காரணம் இந்த இயற்பியல் கிடையாது. 1987-ல் எங்கப்பா விழுந்ததுதான். அம்பத்தூர் எஸ்டேட்டில் வேலை. செகண்ட் ஹேண்ட் லாம்பிரெட்டா. மழை விட்ட ஒரு சாயங்காலம், கொரட்டூர் பக்கம், ரோட்டோர மணலில் சறுக்கினார். யாரும் இடிக்கவில்லை, வேகமும் இல்லை. பதினோரு நாள் ஆஸ்பத்திரியில் இருந்தார், பிழைத்துக்கொண்டார். வீட்டுக்கு வந்த அப்புறம்தான் தெரிந்தது, வாசனை தெரியவில்லை. அடுப்பில் சாம்பார் கொதித்துக்கொண்டிருக்கும், பெருங்காயம் போட்டியா என்று கேட்பார். பால் தீய்ந்தால் தெரியாது. தலையில் அடிபட்டால் மூக்கு நரம்பு அறுந்துபோகும், அது திரும்ப வருவது அரிது என்று ரொம்ப நாள் கழித்துத்தான் படித்துத் தெரிந்துகொண்டேன். பெயர்கள் மறந்தன. அதுவரை கையோங்காத மனுஷனுக்குக் கோபம் வந்தது. அப்படியே 14 வருஷம் இருந்தார். அரசாங்கக் கணக்குப்படி அது ஒரு 'காயம்', ஒரே ஒரு எண். அது கணக்கில் ஏறியதா என்பதுகூட எனக்குச் சந்தேகம்தான், ஏனென்றால் யாரும் போலீஸுக்குப் போகவில்லை.

இந்த மாதிரி அடிபட்ட தலைகளை வரிசையாகப் பார்த்து, இதை எண்ணிப் பார்க்கணும் என்று நினைத்த ஒரு டாக்டரின் கதைக்கு வருவோம். 1935 மே 13-ல் இங்கிலாந்தில் டி.ஈ. லாரன்ஸ், அதுதான் அரேபியாவின் லாரன்ஸ், தன் பிரஃப் சுப்பீரியர் பைக்கில் போகும்போது சைக்கிள் பையன்கள் இரண்டு பேரைத் தவிர்க்கத் திருப்பி, தூக்கியெறியப்பட்டார். ஆறு நாள் நினைவில்லாமல் கிடந்து இறந்தார். அவரைப் பார்த்த டாக்டர்களில் ஒருவர் ஹியூ கெய்ர்ன்ஸ், ஆஸ்திரேலியாவில் பிறந்த மூளை அறுவை நிபுணர். யுத்தம் வந்ததும் ராணுவத்துக்காகத் தகவல் கொண்டுபோகிற பைக் வீரர்கள் குண்டடி படாமலேயே சாக ஆரம்பித்தார்கள். இருட்டடிப்பு நேரம், விளக்கு கிடையாது. கெய்ர்ன்ஸ் கணக்கெடுத்தார். யுத்தத்தின் முதல் 21 மாதத்தில் பிரிட்டனில் சாலை விபத்தில் இறந்த பைக் ஓட்டிகளும் பின்னால் உட்கார்ந்தவர்களும் 2,279 பேர். அதற்கு முந்தைய 21 மாதத்தில் 1,884. ஹெல்மெட் போட்டு அடிபட்டவர்கள் என்று அவர் கைக்கு வந்தது ஏழே பேர். ஏழு பேரும் பிழைத்தார்கள். 1941 அக்டோபரில் இதைப் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் எழுதினார். அடுத்த மாதமே ராணுவம் தன் பைக் வீரர்களுக்கு ஹெல்மெட்டைக் கட்டாயமாக்கியது.

ஏழு பேரை வைத்து என்ன முடிவுக்கு வர முடியும் என்று இன்றைக்கு ஒரு புள்ளியியல் வாத்தியார் கேட்பார். நியாயம்தான். ஆனால் அப்புறம் 60 வருஷத்துக்கும் மேலாக நடந்த ஆய்வுகள் அவர் பக்கம்தான் நின்றன. 2008-ல் 61 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த காக்ரேன் தொகுப்பாய்வு, ஹெல்மெட் சாவை 42 சதவீதமும் தலைக்காயத்தை 69 சதவீதமும் குறைக்கிறது என்றது. கெய்ர்ன்ஸின் சொந்த நாடு முந்திக்கொண்டது. உலகத்திலேயே முதலில் எல்லாருக்கும் ஹெல்மெட்டைக் கட்டாயமாக்கியது ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலம், 1961-ல். பிரிட்டன் தன் பொதுமக்களுக்குச் சட்டம் போட 1973 வரை ஆனது. ராணுவத்துக்கு ஒரு மாதம், சிவிலியனுக்கு 32 வருஷம்! சிப்பாயின் தலை அரசாங்கச் சொத்து, குடிமகனின் தலை அவன் சொந்த விஷயம் என்று நினைத்தார்கள் போல.

நம்மூரிலும் இந்தச் 'சொந்த விஷயம்' வாதம் கோர்ட் வரை போனது. ஆந்திராவில் ஹெல்மெட் விதியை எதிர்த்து, நடமாடும் சுதந்திரத்தைப் பறிக்கிறது என்று ஒருவர் வழக்குப் போட்டார். அஜய் கனு வழக்கு என்று பெயர். 1988-ல் சுப்ரீம் கோர்ட் அதைத் தள்ளுபடி செய்தது. அதே 1988-ன் மோட்டார் வாகனச் சட்டத்தில் 129-ஆம் பிரிவாக ஹெல்மெட் உட்கார்ந்தது. சட்டம் வந்துவிட்டது, தலையில் ஏறவில்லை. தமிழ்நாட்டில் 2007 ஜூன் 1 முதல் கட்டாயம் என்றார்கள், கொஞ்ச நாளில் பிடி தளர்ந்தது. 2015-ல் சென்னை உயர்நீதிமன்றத்தில் நீதிபதி கிருபாகரன் ஜூலை 1 முதல் ஓட்டுகிறவர், பின்னால் இருப்பவர் இரண்டு பேருக்கும் கட்டாயம் என்று உத்தரவிட்டார். அந்த ஜூன் மாதக் கடைசி வாரம் ஞாபகம் இருக்கிறதா? ஹெல்மெட் கடையில் ரேஷன் கடை மாதிரி கியூ. விலை ஏறியது. பிளாட்பாரத்தில் தெர்மாகோல் வைத்த பிளாஸ்டிக் சட்டி ஒன்றுக்கு ஐஎஸ்ஐ ஸ்டிக்கர் ஒட்டி விற்றார்கள். ஜூலை 1-ஆம் தேதி பாதிப் பேர் தலையில் மாட்டியிருந்தார்கள், மீதிப் பேர் பெட்ரோல் டேங்க் மேலே, முழங்கையில், கண்ணாடியில் மாட்டியிருந்தார்கள். போலீஸ் தெரிந்தால் போடுவது, தாண்டினால் கழற்றுவது. ஹெல்மெட்டை மண்டைக்கான பொருளாக நினைக்காமல் லைசென்ஸ், ஆர்சி புக் மாதிரி ஒரு டாக்குமெண்டாக நினைத்துவிட்டோம்.

முடி கொட்டுது, வியர்க்குது, ஹாரன் கேட்கலை என்பார்கள். மே மாதத்து மெட்ராஸில் ஒரு கிலோவுக்கு மேலே கனக்கிற அந்தச் சட்டியைத் தலையில் வைத்து சிக்னலில் நின்றவர்கள் யாரும் இதைச் சிரித்துத் தள்ள மாட்டார்கள். குளிர் நாட்டில் பிறந்த பொருள், நம்ம வெயிலுக்கு ஏற்றபடி அதை மாற்ற ரொம்பக் கொஞ்சம் பேர்தான் மெனக்கெட்டார்கள். "இந்தப் பக்கத்துத் தெருவுக்குத்தானே, மெதுவாத்தானே போறேன்" என்று இன்னொரு வாதம். அதற்குத்தான் எங்கப்பா கதையைச் சொன்னேன். மெதுவாகப் போனாலும் உட்கார்ந்திருக்கும் உயரத்திலிருந்து தலை தரைக்கு வந்தே ஆகணும். அந்த ஒன்றரை மீட்டர் வீழ்ச்சிக்கு வண்டியின் வேகம் தேவையே இல்லை. ஹெல்மெட்டுக்குள் இருக்கும் நுரை நசுங்கி அடியைக் கொஞ்ச நேரத்துக்குப் பரப்பிவிடுகிறது. அதன் வேலை அவ்வளவுதான். ஒருமுறை நசுங்கிவிட்டால் அது திரும்ப எழாது, அதனால் அடி வாங்கிய ஹெல்மெட்டைத் தூக்கிப் போட்டுவிடணும். தம்பிக்குக் கொடுக்கக் கூடாது.

இனி எண்கள். மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் வருஷாவருஷம் வெளியிடும் அறிக்கையில் 2022-ஐ எடுத்துக்கொள்கிறேன். அந்த வருஷம் இந்தியச் சாலைகளில் செத்தவர்கள் 1,68,491 பேர். அதில் இருசக்கர வண்டியில் போனவர்கள் 74,897, அதாவது 44.5 சதவீதம். நாளைக்கு 205 பேர். ஹெல்மெட் போடாமல் இறந்தவர்கள் 50,029. இந்த 50,029 பேரும் ஹெல்மெட் போட்டிருந்தால் பிழைத்திருப்பார்கள் என்று சில பேர் எழுதுகிறார்கள். அது தப்பு. லாரிச் சக்கரத்துக்கு முன்னால் ஹெல்மெட் என்ன செய்யும்? 42 சதவீதக் கணக்கைப் போட்டால் இருபதாயிரம் பேர் என்று வரும். எனக்கு அதுவே போதுமான எண்.

இன்னொரு எண்ணையும் ஜாக்கிரதையாகப் படிக்கணும். விபத்து எண்ணிக்கையில் அந்த வருஷம் நாட்டிலேயே முதலிடம் தமிழ்நாடு, 64,105. சாவில் 17,884, உத்தரப் பிரதேசத்துக்கு அடுத்து இரண்டாவது. இங்கே ஒரு சாவுக்குச் சுமார் 3.6 விபத்து பதிவாகிறது, உத்தரப் பிரதேசத்தில் இரண்டுகூட ஆகவில்லை. அங்கே ரோட்டில் விழுந்தால் பாதிப் பேர் செத்துவிடுகிறார்கள் என்றா அர்த்தம்? கை கால் ஒடிந்தது அங்கே எழுதப்படுவதில்லை என்றுதான் நான் படிக்கிறேன். நம்ம முதலிடத்தில் ஒரு பங்கு, ஒழுங்காக எழுதி வைத்ததற்குக் கிடைத்த அவப்பெயர். (அதற்காகப் 17,884 குறைந்துவிடாது.)

அமெரிக்காவில் ஒரு மைலுக்கு இத்தனை சாவு என்று பார்த்தால் பைக் காரைவிட இருபது மடங்குக்கு மேல் ஆபத்து என்கிறார்கள். நம்மவர்கள் இதை அப்படியே எடுத்துப் போடுவார்கள். அங்கே பைக் என்பது பெரும்பாலும் ஞாயிற்றுக்கிழமைச் சந்தோஷம், ஓட்டாமல் விட்டால் வேறு கார் இருக்கிறது. இங்கே என் மருமகளுக்கு முன்னால் இருக்கும் கேள்வி காரா பைக்கா என்பதே கிடையாது. பஸ்ஸா ஸ்கூட்டரா என்பதுதான்.

அவள் போட்ட கணக்கையும் சொல்லிவிடுகிறேன். "மாமா, பஸ்ல போனா சோழிங்கநல்லூர்ல இறங்கி மாறணும். ஒன்றரை மணி நேரம். வண்டில 40 நிமிஷம். போக வர நூறு நிமிஷம் மிச்சம். வருஷத்துக்கு 250 நாள் போட்டுப் பாருங்க." போட்டேன். 25,000 நிமிடம். ராத்திரி பகல் சேர்த்து 17 முழு நாள். அதுக்கு மேலே அவளிடம் இன்னொன்று இருந்தது, அதை அவள் அம்மா இல்லாதபோதுதான் சொன்னாள். ஷிஃப்ட் முடிந்து ராத்திரி பத்து மணிக்குச் சோழிங்கநல்லூர் ஜங்ஷனில் அடுத்த பஸ்ஸுக்காகத் தனியாக நிற்பது. "அதுவும் ரிஸ்க்தானே மாமா, அதை உங்க அறிக்கையில எந்தக் காலத்துல போட்டிருக்காங்க?" எந்தக் காலத்திலும் போடவில்லைதான். பஸ்ஸில் போவதற்கு ஆபத்தே கிடையாது என்று வைத்துக்கொண்டு எழுதுகிற கணக்கெல்லாம் பெரும்பாலும் ஆம்பளைங்க போட்ட கணக்கு என்று அப்போதுதான் உறைத்தது.

வாங்கு என்று சொன்னேன். தங்கச்சி இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. சும்மா வாங்கு என்று சொல்லவில்லை, ஆபத்தை ஒரே கட்டியாகப் பார்க்காதே, பிரித்துப் பார் என்றேன். வேகம், மழை, ராத்திரி, ரோட்டோர மணல், லாரியின் இடது பக்கம், தூக்கக் கலக்கம். இதில் ஒவ்வொன்றையும் தனியாகக் கழிக்க முடியும். ஓஎம்ஆரில் 45-ஐத் தாண்டாதே. திரும்புகிற லாரிக்கும் பஸ்ஸுக்கும் இடது பக்கம் நுழையாதே, அவர் கண்ணாடியில் நீ தெரியமாட்டாய். ஹெல்மெட் பட்டையைப் பூட்டு, பூட்டாத ஹெல்மெட் உனக்கு முன்னால் போய் விழும். அடைமழை அன்றைக்கு வண்டியை எடுக்காதே, பஸ்ஸில் போ. 2019-லிருந்து புது ஸ்கூட்டர்களில் ஒரு பிரேக்கைப் பிடித்தால் இரண்டு சக்கரமும் சேர்ந்து பிடிக்கிற அமைப்பு கட்டாயம், அதனால் பழைய வண்டியைச் சகாயமாகத் தருகிறார்கள் என்று வாங்காதே. பகலிலும் விளக்கு எரிவதை அணைக்க முடியாது, 2017-லிருந்து அப்படித்தான் வருகிறது. எதிரே வருகிறவர்கள் இன்னமும் விரலை மடக்கி விரித்து "லைட்டு எரியுது" என்று சைகை காட்டுவார்கள். நம்ம ஜனங்கள் பாவம், ஸ்டாண்ட் எடுக்காமல் போனாலும் துரத்திக்கொண்டு வந்து சொல்வார்கள், ஆனால் ஹெல்மெட் இல்லாமல் போனால் ஒருத்தரும் சொல்லமாட்டார்கள்.

இப்போது முதலில் எழுதி வைத்த அந்த இரண்டு வருஷத்துக்கு வருகிறேன். 1953, 1955. ஒரு ஊர் பொதுவண்டி ஒன்றை மூடும்போது, அந்தப் பயணம் மறைந்துபோவதில்லை. யாராவது ஒருவர் அதைத் தன் காலால், தன் சைக்கிளால், பிறகு தன் பெட்ரோலால் போகிறார். பழைய மகாபலிபுரம் சாலையில் இதே கதை பெரிய அளவில் நடந்தது. 2000-ல் தரமணியில் டைடல் பார்க் திறந்தது. அடுத்த பத்து வருஷத்தில் சிறுசேரி வரைக்கும் கண்ணாடிக் கட்டடங்கள் எழுந்தன. ஆறு வழிச் சாலை போட்டார்கள், சுங்கம் வைத்தார்கள். பறக்கும் ரயில் திருவான்மியூர், தரமணி வழியாக வேளச்சேரிக்குத் திரும்பிப் போய்விட்டது. தெற்கே ஓஎம்ஆருக்கு ரயில் கிடையாது. மெட்ரோவின் மூன்றாவது தடம் மாதவரத்திலிருந்து சிறுசேரி சிப்காட் வரை இப்போதுதான் கட்டிக்கொண்டிருக்கிறார்கள். ஆபீஸ் முதலில், தண்டவாளம் இருபது வருஷத்துக்கு அப்புறம். நடுவில் இருந்த இருபது வருஷத்தை யார் நிரப்பியது? ஆயிரக்கணக்கான ஆக்டிவாவும் பல்சரும்தான். அந்தப் பிள்ளைகள் தங்கள் கைக்காசில், தங்கள் மண்டையைப் பணயம் வைத்து, ஒரு ரயில்பாதைக்கான செலவைச் சர்க்காருக்கு மிச்சப்படுத்தினார்கள். கம்பெனிகளுக்கும் மிச்சம். 'சாகசம் செய்யும் இளைஞர்கள்' என்று பேப்பரில் படிக்கும்போதெல்லாம் எனக்கு இது ஞாபகம் வரும். சாகசக்காரர்களும் உண்டு, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் காலை எட்டரை மணிக்கு டிபன் பையை முன்னால் தொங்கவிட்டுக்கொண்டு போகிறவர்களின் கூட்டம்தான் பெரிது.

சர்க்காருக்கு மிச்சம் என்றேன், முழுசாக மிச்சமும் கிடையாது. 2008-ல் 108 ஆம்புலன்ஸ் வந்தது. அதே வருஷம் பைக் விபத்தில் மூளைச்சாவு அடைந்த ஒரு பள்ளி மாணவனின் உறுப்புகளை அவன் பெற்றோர் தானம் கொடுத்தார்கள், தமிழ்நாட்டில் உறுப்பு தானத்தைப் பற்றி வீடுகளில் பேச ஆரம்பித்தது அதிலிருந்துதான். 2021 டிசம்பரில், விபத்தில் சிக்கியவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம் என்று 'இன்னுயிர் காப்போம்' திட்டம் வந்தது. எங்கப்பா காலத்தில் இதில் ஒன்றுகூடக் கிடையாது. விழுந்தவரைத் தூக்கிப் போகும் ஏற்பாட்டில் நாம் நிஜமாகவே முன்னேறியிருக்கிறோம். விழாமல் போகச் செய்யும் ஏற்பாட்டில்தான் இழுபறி.

பெண்கள் விஷயத்தில் இந்த இழுபறி இன்னும் தெளிவாகத் தெரியும். 1989-ன் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 123-ஆம் விதி, பின்னால் இருப்பவருக்குப் பிடித்துக்கொள்ளக் கைப்பிடி, காலுக்குப் படி, பின்சக்கரத்தில் பாதியை மூடும் தடுப்பு எல்லாம் வேண்டும் என்கிறது. நாம் 'சாரி கார்டு' என்று சொல்வது அதைத்தான். சட்டம் எழுதியவர் மனதில் பெண் என்றால் பின்சீட்டில், ஒரு பக்கமாக, புடவையோடு உட்கார்ந்திருப்பவள். கொஞ்ச வருஷத்திலேயே, 90-களின் தொடக்கத்தில், புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கம் ஆயிரக்கணக்கான கிராமத்துப் பெண்களுக்குச் சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொடுத்தது. கேலி பேசியவர்கள் பேசிக்கொண்டிருக்க, அவர்கள் தண்ணீர்க் குடத்தையும் பிள்ளையையும் ஏற்றிக்கொண்டு போனார்கள். 90-களின் நடுவில் ஸ்கூட்டி வந்தது. பின்சீட்டில் இருந்தவள் முன்சீட்டுக்கு வந்தாள்.

2018 பிப்ரவரி 24-ல் அம்மா இருசக்கர வாகனத் திட்டம் சென்னையில் தொடங்கியது. வேலைக்குப் போகும் பெண்களுக்கு ஸ்கூட்டர் விலையில் பாதி, அதிகபட்சம் 25,000 ரூபாய் மானியம், வருஷத்துக்கு ஒரு லட்சம் பேர். மூன்று வருஷம் கழித்து, 2021 மே மாதம், ஆட்சி மாறியதும் சாதாரணக் கட்டணப் பேருந்துகளில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை என்றார்கள். கட்சிக்காரர்கள் இதை எது பெரிய திட்டம் என்று சண்டை போடப் பயன்படுத்துகிறார்கள். எனக்கு இது ஒரே கேள்விக்கு ஒரே மாநிலம் கொடுத்த இரண்டு பதில். வேலைக்குப் போகிற பெண்ணின் பயணச் செலவில் சர்க்கார் பங்கெடுக்கணும் என்பதில் இரண்டு பேருக்கும் சந்தேகம் இல்லை. முதல் பதிலில் பணம் சர்க்காருடையது, ஆபத்து அவளுடையது. இரண்டாவது பதிலில் ஆபத்து குறைவு, ஆனால் நேரம் அவளுடையது. மேடவாக்கத்திலிருந்து சிறுசேரிக்கு அந்த நூறு நிமிடம்.

ஸ்கூட்டர் மானியம் வாங்கிய பெண்களில் எத்தனை பேர் இப்போது அதை வீட்டில் நிறுத்திவிட்டு இலவச பஸ்ஸில் போகிறார்கள், எத்தனை பேர் பஸ் இலவசமான பிறகும் வண்டியிலேயே போகிறார்கள், ஏன் என்று யாராவது போய்க் கேட்டு எழுதினால் நன்றாக இருக்கும். திட்டமிடுகிறவர்கள் போடுகிற கணக்கைவிட அவர்கள் மனசுக்குள் போட்ட கணக்கு சரியாக இருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது. உங்கள் வீட்டில், தெருவில் அப்படி யாராவது இருந்தால் கேட்டுப் பாருங்கள். காசுக்காகவா, நேரத்துக்காகவா, பயத்துக்காகவா என்று மட்டும் தனித்தனியாகக் கேளுங்கள்.